குழந்தையின் மொழிக்கு ஓர் அலைவரிசை

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வேல்ஸ் நாட்டுப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் ஒரு கொடிய வழக்கம் இருந்தது. தாய்மொழியாகிய வெல்ஷில் ஒரு சொற் பேசிவிட்ட பிள்ளையின் கழுத்திலே மரத்துண்டொன்றைத் தொங்கவிடுவார்கள். அதே குற்றத்தைச் செய்யும் வேறொரு பிள்ளை அகப்பட்டால் மரத்துண்டு அந்தப் பிள்ளையின் கழுத்துக்கு மாறும். பள்ளிக்கூடம் விடும் வேளையில் எவன் கழுத்தில் அது கிடக்கிறதோ அவனுக்குத் தண்டனை. ‘வெல்ஷ் நொட்’ என்பது அதன் பெயர். தாய் தாலாட்டிய மொழியைப் பேசினால் அடி. தோழனைக் காட்டிக்கொடுத்தால் விடுதலை! ஒரு மொழி சாகத் தொடங்குவது அரண்மனையிலுமன்று, அச்சுக்கூடத்திலுமன்று; குழந்தையின் நாவிலேதான் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அதே வேல்ஸ் நாட்டிலே, 1982ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 1ஆந் திகதி, வெல்ஷ் மொழிக்கெனப் பொதுத்துறைத் தொலைக்காட்சி அலைவரிசையொன்று பிறந்தது. எஸ்.4.சி. என்பது அதன் பெயர். தொடக்க நாளிலேயே சிறுவர்க்கான கேலிச்சித்திரப் படமொன்றை அது காட்டியது. சூப்பர்ரெட் என்னும் கரடிப் பொம்மை திரையிலே பறந்து வந்து வெல்ஷ் மொழியிலே பேசிற்று. எந்தச் சொற்களைப் பேசியதற்காகப் பாட்டன்மார் அடி வாங்கினரோ, அந்தச் சொற்களைக் கேட்டுப் பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள்.

இந்த மாற்றம் தானாக வந்ததா? தாராள மனங் கொண்ட எவரேனும் தானமாகக் கொடுத்தார்களா? இல்லை. அது போராடிப் பெறப்பட்டது. அந்தக் கதையை எமது வாசகர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

“அரசியற் பத்திரிகைக்குக் குழந்தைகளின் தொலைக்காட்சியைப் பற்றிய பேச்செதற்கு? நாட்டிலே வேறு பிரச்சினைகள் இல்லையா?” என்று கேட்பாரும் உளர். அவர்களுக்கு நாம் கூறுவது இதுதான்: நாளைய வாக்காளன் எந்த மொழியிற் சிந்திப்பான், எந்த மொழியிற் கனவு காண்பான் என்பதை அவனுடைய ஐந்து வயதுக்குள் வீடு தீர்மானித்துவிடுகிறது. வீட்டின் நடுவிலே திரை இருக்கிறது. அத்திரை யார் கையில் இருக்கிறது என்பது அரசியற் கேள்வியன்றி வேறென்ன?

மீறப்பட்ட வாக்குறுதி

1962ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆந் திகதி, சோண்டர்ஸ் லூயிஸ் என்னும் வெல்ஷ் அறிஞர் வானொலியிலே ‘மொழியின் ஊழ்’ என்ற பொருள்படும் தலைப்பில் உரையொன்று நிகழ்த்தினார். இப்போக்கே நீடிக்குமானால் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெல்ஷ் வாழும் மொழியாக இராது என்று அவர் எச்சரித்தார். அவ்வுரை இளைஞரைத் தட்டியெழுப்பியது. அவ்வாண்டிலேயே வெல்ஷ் மொழிச் சங்கம் தோன்றியது. தெருப் பலகைகளிலும் நீதிமன்றங்களிலும் வெல்ஷ் வேண்டுமெனக் கேட்டவர்கள், எழுபதுகளில் தொலைக்காட்சியிலும் அதற்கு இடம் வேண்டுமெனக் கேட்டார்கள்.

1979ஆம் ஆண்டுத் தேர்தல் வந்தது. நான்காவது அலைவரிசை வேல்ஸ் நாட்டில் வெல்ஷ் மொழிக்கு முதலிடம் அளிக்கும் என்று கட்சிகள் வாக்களித்தன. கன்சர்வேட்டிவ் கட்சியும் தனது தேர்தல் விஞ்ஞாபனத்தில் அவ்வாறே சொன்னது. தேர்தல் முடிந்தது, அக்கட்சி அரசாங்கம் அமைத்தது, சில மாதங்களுக்குள்ளேயே உள்நாட்டு மந்திரி வில்லியம் வைட்லோ அந்த வாக்குறுதியைக் கைவிட்டார். வெல்ஷ் நிகழ்ச்சிகளை ஏனைய அலைவரிசைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தூவிவிட்டாற் போதும் என்றார். தேர்தலுக்கு முன் ஒரு பேச்சு, பின் ஒரு பேச்சு என்பது எமக்குப் புதுமையான செய்தியன்று.

வெல்ஷ் மக்கள் அதனைப் பொறுத்துக்கொள்ளவில்லை. சமயப் பேரறிஞர் ஒருவர், நாட்டார் பாடல் ஆராய்ச்சியாளர் ஒருவர், பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் ஆகிய மூவர் 1979 ஒக்டோபரில் பென்காரெக் என்னுமிடத்து ஒளிபரப்பு நிலையத்துட் புகுந்து விசையை நிறுத்தினர். ஏறத்தாழ 2000 பேர் தொலைக்காட்சி அநுமதிப்பத்திரக் கட்டணத்தைச் செலுத்தமாட்டோம், சிறை செல்வோம் என உறுதி பூண்டனர்.

1966ஆம் ஆண்டு இடைத்தேர்தலில் வென்று, பிளைட் கம்ரிக் கட்சியின் முதலாவது பிரதிநிதியாகப் பிரித்தானியப் பாராளுமன்றம் புகுந்தவர் குவின்வர் எவன்ஸ். அவர் 1980 மே மாதத்தில் ஓர் அறிவித்தல் விடுத்தார். அரசாங்கம் வாக்கைக் காப்பாற்றாவிடில் ஒக்டோபர் 6ஆந் திகதி தொடக்கம் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்றார். அஹிம்சையே வாழ்க்கை நெறியாகக் கொண்ட 68 வயது முதியவர் வெறுஞ்சொற் பேசுபவரல்லர் என்பதை அனைவரும் அறிவர். ஊர் ஊராகக் கூட்டங்கள் கூடின. வேல்ஸ் நாட்டுப் பெரியோர் மூவர் வைட்லோவைக் கண்டு, நிலைமையின் பாரதூரத்தை எடுத்துரைத்தனர். 1980 செப்டெம்பர் 17ஆந் திகதி அரசாங்கம் பணிந்தது. விட்டுக்கொடுக்காதவர் எனப் பெயர் பெற்ற பிரதம மந்திரி மார்கரெட் தட்சரின் அரசாங்கமே விட்டுக்கொடுத்தது!

இரண்டாண்டுகளின் பின் அந்தக் கரடிப் பொம்மை பேசிற்று.

சந்தையின் கண்ணிற் குழந்தை யார்?

“தொலைக்காட்சி வியாபாரம். வேண்டியோர் பணம் போட்டு நடத்தட்டும். அரசாங்கம் ஏன் மக்கள் பணத்தைச் செலவிட வேண்டும்?” இது ஒரு வாதம். இதனைப் பிரித்தானிய நாட்டு அநுபவத்தைக் கொண்டே சோதித்துப் பார்ப்போம்.

கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவுப் பண்டங்களின் விளம்பரங்களைச் சிறுவர் நிகழ்ச்சிகளின் இடையே காட்டலாகாது என்று அங்கே 2007 முதல் கட்டங்கட்டமாகத் தடை விதிக்கப்பட்டது. நல்ல சட்டம். அதனைக் குறை கூற எவருக்கும் நா எழாது. ஆயின், அதன் பின் நடந்தது யாது? மிட்டாய் விற்க முடியாத நேரத்தில் சிறுவர் நிகழ்ச்சிகளுக்குப் பணம் செலவிட வர்த்தக நிலையங்களுக்கு மனம் வரவில்லை. புதிய தயாரிப்புகள் அருகின. ஐ.ரி.வி. நிறுவனத்தின் சிறுவர் அலைவரிசை 2023 செப்டெம்பரில் ஒளிபரப்பை நிறுத்தியது. அதன் நிகழ்ச்சிகள் இணையத் தளத்துக்கு மாற்றப்பட்டன.

வர்த்தக நிலையத்தைத் திட்டி என்ன பயன்? அது தன் தருமத்தைச் செய்தது. சந்தையின் கண்ணிலே குழந்தை என்பது தந்தையின் பணப்பைக்குச் செல்லும் ஒரு வழி. வழி அடைபட்டதும் குழந்தை கண்ணுக்குத் தெரிவதில்லை.

பொதுத்துறை நிலையத்தின் போக்கு வேறு. பி.பி.சி. 2002 பெப்ரவரி 11ஆந் திகதி சிறுவர்க்கென இரண்டு அலைவரிசைகளைத் தொடங்கியது. அவற்றுள் பள்ளி செல்லா மழலைகளுக்கானது சீபீபீஸ். அது மாலை 7 மணிக்கு, உறங்கு நேரக் கதையொன்றைச் சொல்லி, அன்றைய ஒளிபரப்பை முடித்துக்கொள்ளும். இதன் பொருளை வாசகர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். பார்வையாளனைப் பார்த்து, “போதும், இனி உறங்கப் போ” என்று சொல்லும் துணிவு எந்த வியாபாரிக்கு உண்டு? இன்று பிள்ளைகளின் கையிலே கொடுக்கப்படும் கைத்தொலைபேசி அவ்வாறு சொல்வதில்லை. ஒரு காட்சி முடியுமுன் அடுத்த காட்சியை நீட்டுகிறது. அதுவும் முடியுமுன் இன்னொன்றை நீட்டுகிறது. விழித்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதற்கு வருமானம். “போதும்” என்று சொல்ல வல்லது குழந்தையின் நலனைத் தவிர வேறு இலாபத்தை நாடாத நிறுவனம் ஒன்றே.

அரியாசனமும் அடுக்களையும்

பெரிய மொழிகளுக்கே இந்நிலை என்றால், சிறிய மொழிகளின் கதி என்ன? அயர்லாந்து தேசத்தைப் பாருங்கள். 1937ஆம் ஆண்டு அரசியற் சட்டம் ஐரிஷ் மொழியை முதலாவது அரச கரும மொழியாக்கியது. பள்ளிக்கூடங்களில் அது பாடமாயிற்று. ஆயினும் 2022ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு கூறுவது யாது? ஐரிஷ் பேசத் தெரியும் என்றோர் 18 இலட்சத்து 73 ஆயிரத்துக்கு மேல். கல்விக்கூடத்துக்கு வெளியே நாள்தோறும் அதனைப் பேசுவோரோ 71,968 பேர் மாத்திரமே! சட்டப் புத்தகத்தில் அரியாசனம் பெற்ற மொழி அடுக்களையில் அநாதையாக நின்றது. பள்ளிக்கூடத்தில் மட்டும் கேட்கும் மொழியைப் பிள்ளை பாடமென்று எண்ணும். பரீட்சை முடிந்ததும் புத்தகத்துடன் அதனையும் மூடிவைத்துவிடும். விளையாட்டிலும் வேடிக்கையிலும் கேட்கும் மொழியையே தனது மொழியென்று எண்ணும்.

இதனை உணர்ந்த ஐரிஷ் ஆர்வலர்கள் 1987இல், மேற்குக் கரையோரமாகிய கொன்னமாராவிலே, அநுமதியின்றித் தாமே ஒரு சிறு ஒளிபரப்பை நடத்திக் காட்டினர். முடியாது என்று சொன்னவர்களுக்கு முடியும் என்று காட்டிய செயல் அது. 1996 ஒக்டோபர் 31ஆந் திகதி ஐரிஷ் மொழிக்கான பொதுத்துறை அலைவரிசை பிறந்தது. இன்று அதன் பெயர் ரி.ஜி.4. உலகமெங்கும் சிறுவர் விரும்பும் கேலிச்சித்திரங்கள் அங்கே ஐரிஷ் பேசின. முதலிற் சில மணி நேரப் பகுதியாக இருந்த சிறுவர் நிகழ்ச்சிகள், 2023 செப்டெம்பரில் கூலா-4 என்னும் தனி அலைவரிசையாயின. ஓர் அரசாங்கம் குழந்தைகளுக்கெனத் தனி அலைவரிசை தொடங்குவதற்கு, நாளாந்தம் பேசுவோர் முக்கால் இலட்சத்துக்கும் குறைந்த ஒரு மொழி தகுதி உடையதாயிற்று என்பதை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

வேல்ஸ் நாட்டிலும் எஸ்.4.சி. 2008இல் மழலைகளுக்கெனக் ‘கியூ’ என்னும் சேவையைத் தொடங்கியது. கியூ என்றால் வெல்ஷ் மொழியிற் குஞ்சு என்பது பொருள். காலை வேளையில் மணிக்கணக்காக அக்குஞ்சுகளுக்காகவே ஒளிபரப்பு. பெற்றோர் வெல்ஷ் அறியாராயினும் பிள்ளையோடு இருந்து பார்த்துத் தாமும் சில சொற்களைக் கற்கலாம்.

“சிறு மொழியிற் செலவிடும் பணம் கிணற்றிலே போட்ட கல்” என்பாரும் உளர். 1987இல் எஸ்.4.சி.யில் சாம் டான் என்ற பெயரில் வெளிவந்த தீயணைப்பு வீரன் கதை, பின்னர் ‘ஃபயர்மன் சாம்’ ஆக உலகின் பல நாடுகளுக்கும் பல மொழிகளுக்கும் சென்றது. சூப்பர்ரெட் அமெரிக்காவின் டிஸ்னி அலைவரிசைக்கும் போயிற்று. சிறு மொழியின் பட்டறையிலே செய்த பொருள் பெரிய சந்தைகளிலே விலைபோயிற்று. ஆயினும், அவ்வாறு விலைபோயிராவிடினும் எமது வாதம் குன்றாது. இலாபம் வந்தால் நன்று. குழந்தைக்குத் தாய்மொழி வேண்டுமென்பது இலாபக் கணக்குக்கு அப்பாற்பட்டது.

கிணறும் வாய்க்காலும்

இன்னொரு வாதம் இன்று பலமாகக் கேட்கிறது. “பிள்ளைகள் தொலைக்காட்சியைப் பார்ப்பதில்லை. எல்லாம் இணையத்துக்குப் போய்விட்டன. இனி அலைவரிசை எதற்கு?” என்பதே அது. பி.பி.சி. கூட, சற்று வளர்ந்த சிறுவர்க்கான தனது சீபீபீசி அலைவரிசையின் ஒளிபரப்பைச் சில ஆண்டுகளில் நிறுத்தி, நிகழ்ச்சிகளை இணையத்தில் மட்டும் வழங்க எண்ணியிருப்பதாக 2022 மே மாதத்தில் அறிவித்தது.

பிரான்ஸ் நாட்டில் நடந்ததை இவ்விடத்தில் நினைவூட்டுகிறோம். அந்நாட்டுப் பொதுத்துறைச் சிறுவர் அலைவரிசை பிரான்ஸ்-4. இணையம் இருக்கையில் இதற்கு அவசியமில்லை என்று கூறி, 2020இல் அதனை மூடிவிட அரசாங்கம் 2018இல் முடிவு செய்தது. 2020 மார்ச்சில் கொரோனா நோய் பரவிப் பள்ளிக்கூடங்கள் அடைக்கப்பட்டன. வீட்டிலே கணினியும் இணைப்பும் இல்லாத பிள்ளைகளுக்கு யார் கற்பிப்பது? மூடப்படவிருந்த அதே அலைவரிசையிலே ஆசிரியர்கள் தோன்றிப் பாடஞ் சொன்னார்கள். மூடும் நாள் ஓராண்டு ஒத்திவைக்கப்பட்டது. 2021 மே மாதத்தில் ஜனாதிபதி மக்ரோன், அது மூடப்படாது என்று அறிவித்தார். 2025 ஜூன் மாதத்தில் அது 14ஆம் இலக்கத்திலிருந்து 4ஆம் இலக்கத்துக்கு உயர்த்தப்பட்டது. சாவோலை எழுதப்பட்ட பிள்ளை முன்வரிசையில் அமர்ந்துவிட்டது!

காலம் மாறுவதை நாம் மறுக்கவில்லை. பிள்ளைகள் எங்கே இருக்கிறார்களோ அங்கே நல்ல நிகழ்ச்சிகளும் போய்ச் சேரவேண்டியதே. ஆனால், தோட்டத்துக்கு நீர் பாயும் வாய்க்கால் மாறலாம். கிணறு தூர்ந்துபோனால் எந்த வாய்க்காலினால் என்ன பயன்? குழந்தைக்கெனக் கதை எழுதுவோர், பாட்டு இயற்றுவோர், படம் வரைவோர், குரல் கொடுப்போர், அவர்களுக்கு ஊதியம் வழங்கும் பொது நிதி, அந்நிதியைக் கேட்டு வாங்கும் உரிமை ஆகிய இவையே கிணறு. இணையம் என்ற பெயரைச் சொல்லிக் கிணற்றை மூடுவோரிடம் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

உண்மையை மறைத்துப் பேசுவதும் எமக்கு உடன்பாடன்று. அலைவரிசை ஒன்று கிடைத்ததும் மொழி காப்பாற்றப்பட்டுவிட்டது என்று எவரும் மகிழ்ந்திருத்தல் கூடாது. வேல்ஸ் நாட்டின் 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே வெல்ஷ் பேசுவோர் நூற்றுக்கு 17.8 பேர், 2011இல் 19 பேர். ஐந்து வயது முதல் பதினைந்து வயது வரையான பிள்ளைகளிடையே அத்தொகை 40.3இலிருந்து 34.3ஆக வீழ்ந்தது. இதனைக் காட்டி, “பார்த்தீர்களா, அலைவரிசை தோற்றது” என்பார் சிலர். நோய் தீரவில்லை என்று மருந்தை வீசிவிடுவோர் உண்டா? வீடு, பள்ளி, தொழில், திரை ஆகிய நான்கும் ஒருங்கே நின்று காத்தாலன்றி மொழி நிலைக்காது. வெல்ஷ் அற்றுவிடுமென அஞ்சப்பட்ட நூற்றாண்டிலே 5 இலட்சத்து 38 ஆயிரம் பேர் அதனைப் பேசுகிறார்கள் என்பதையும் அதே கணக்குத்தான் கூறுகிறது.

எமது வீட்டுத் திண்ணையிலே

வெல்ஷ் அலைவரிசை பிறந்த அதே 1982ஆம் ஆண்டில், பெப்ரவரி 15ஆந் திகதி, இலங்கையிலே தேசிய ரூபவாஹினி தொடங்கியது. இரண்டும் ஓராண்டுப் பிள்ளைகள். ஒன்று தன் மக்களின் குஞ்சுகளுக்கு அவர்கள் மொழியிலே காலைதோறும் மணிக்கணக்காகக் கதை சொல்கிறது. இங்கே பொதுப் பணத்தில் தமிழ்க் குழந்தைக்கெனத் தனி அலைவரிசை எங்கே? ஒரு காலத்தில் இலங்கை வானொலியின் ‘சிறுவர் மலர்’ எமது பிள்ளைகளின் குரலை நாடெங்கும் ஒலிக்கச் செய்தது. அப்பிள்ளைகள் இன்று பாட்டன் பாட்டியராகிவிட்டனர். அவர்களின் பேரப்பிள்ளைகளோ சோறு ஊட்டும் வேளையிற் கைத்தொலைபேசியை நோக்கியிருக்கின்றனர். அதிலே பேசுவது யார், எந்த மொழியில், எந்தப் பண்டத்தை விற்பதற்காக என்பதைப் பெற்றோர் ஒருகணம் நின்று கேட்டதுண்டா?

குற்றத்தை எல்லாம் அரசாங்கத்தின் தலையிற் சுமத்திவிட்டு நாம் தப்பிக்கொள்ள விரும்பவில்லை. குவின்வர் எவன்ஸ் உண்ணாவிரதம் இருக்கத் துணிந்தார். அவருக்குப் பின்னால் கட்டணஞ் செலுத்த மறுத்த ஆசிரியர்களும் விவசாயிகளும் தாய்மாரும் நின்றார்கள். கேட்டதனாற் கொடுத்தார்கள், கேளாதிருந்தால் கொடுத்திரார்கள். எமது பிள்ளைகளுக்காக நாம் இதுவரை கேட்டது என்ன? வீதி கேட்டோம், விளக்குக் கேட்டோம், உத்தியோகம் கேட்டோம். ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தன் மொழியிலே ஒரு கதை வேண்டுமென்று எந்த மேடையிலே கேட்டோம்?

குழந்தைக்கு வாக்கில்லை, சங்கமில்லை, ஊர்வலம் போக அதற்குத் தெரியாது. அதன் சார்பிற் பேசக் கடமைப்பட்டவர்கள் பெரியவர்களாகிய நாமே. வேல்ஸ் நாட்டுப் பிள்ளையின் கழுத்திலே தொங்கிய மரத்துண்டு கண்ணுக்குத் தெரிந்தது. ஆதலால் ஒருநாள் அதனைக் கழற்றி எறிந்தார்கள். எமது பிள்ளையின் காதிலே தாய்மொழி ஒலியாதிருக்கும் வெறுமை கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாத அதனைக் கண்டு, இன்றே கேட்கத் தொடங்குவோமாக.